சாக்குக் கடைக்கு வந்த எதுக்கு மேஸ்திரி

திருவண்ணாமலையில் பெரிய கேள்வி கேட்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மலையைச் சுற்றிப் போனால் மரத்துக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர்கள் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்வார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லை. காலை எட்டு மணிக்கு, மடியில் கிழிந்த கோணியைப் போட்டுக்கொண்டு ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருக்கிறவன் எதிரில் குந்திக்கொண்டு, "இத்த எதுக்குபா செய்யற?" என்று கேட்டு அவன் பிழைப்பையே தலைகீழாக்கிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பெயர் எதுக்கு மேஸ்திரி. சொந்தப் பெயர் வேலைக்கு வைத்த முதலாளிக்கே தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன், என் மனைவி நம்புவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் மண்டித் தெருவில் ஒரு சாக்குக் கடையில் வேலை செய்தேன். கடைகளிலிருந்து பழைய கோணிகளை வாங்கி வந்து, உதறி, தரம் பிரித்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, மறுபடி மல்லாட்டை வியாபாரிகளுக்கு விற்கிற கடை. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. நாங்கள் மொத்தம் நாலு பேர். குப்பம்மா அக்கா உதறிப் பிரிப்பார். துரைசாமியும் நானும் தைப்போம். மண்ணாங்கட்டி கைவண்டியில் ஏற்றிப் போய் மண்டியில் இறக்குவான். மண்ணாங்கட்டி என்பது திட்டு இல்லை, அவன் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர்.

பழைய மேஸ்திரிக்குக் கண் மங்கி அவர் நின்றுவிட்டபோது, அடுத்தது நான்தான் என்று கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். ஏழு வருடம் அங்கே இருந்தவன். அஞ்சாவது வரைக்கும் படித்தவன். ஒட்டுப் போடுவதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. பேச்சில்தான் நான் கம்மி. யாராவது நேராகப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். விஷயம் இதுதான் என்று தெரிந்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"ஏழுமல, இவருதான் புது மேஸ்திரி. கடைய சுத்திக் காட்டு."

பக்கத்தில் ஓர் ஒல்லியான ஆள் நின்றிருந்தார். வெயிலிலும் விரிக்காத ஒரு குடை கையில். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று அன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கேள்வி ஆரம்பித்தது. முதலில் குப்பம்மா அக்கா.

"அக்கா, இந்தச் சாக்க எதுக்கு உதறுறீங்க?"

"இன்னாயா கேள்வி இது? வூட்ல அடுப்பு எரிய வாணாவா?"

"அது கூலி எதுக்குனு. நான் கேட்டது வேல எதுக்குனு."

அக்கா சாக்கைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

துரைசாமியிடம் போனார். "கிழிஞ்சிகீது, அதான் தைக்கிறேன்" என்றான் அவன்.

"கிழிஞ்சது எல்லாத்தையும் தெச்சுடுவியா? உன் சட்டைல கை நுழையற மாதிரி ஓட்ட கீதே."

மண்ணாங்கட்டி, "எறக்கறதுக்குதான் மேஸ்திரி ஏத்தறேன்" என்றான். "எதுக்கு எறக்கற?" என்றார். "திரும்ப ஏத்தணும் இல்ல?" என்றான். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே நகர்ந்தார்.

அடுத்தது நான். அதற்குள் மனதில் ஒரு நல்ல பதிலைத் தயார் செய்து, மூன்று தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன். மேஸ்திரி என் எதிரில் வந்தார். நான் போட்டிருந்த ஒட்டைத் தடவிப் பார்த்தார். இன்னொரு கட்டுச் சாக்கை இழுத்து என் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, இதையும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னைக் கேட்கவே இல்லை. தயார் செய்த பதில் அப்படியே வீணாய்ப் போனது. அது என்ன பதில் என்று இப்போது எனக்கும் மறந்துவிட்டது.

மேஸ்திரிக்கு ஒரு கொள்கை இருந்தது. சாக்குக் கடையில் உட்கார்ந்து யோசித்தால் சாக்கு எதற்கு என்று தெரியாது. சாக்கு போகிற இடத்துக்குப் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரையும் ஒரு நாள் வெளியில் அனுப்பினார். "போய் நம்ம சாக்கு இன்னா பண்ணுதுனு பாத்துட்டு வா" என்பார், ஏதோ கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்த்துவரச் சொல்கிற மாதிரி.

குப்பம்மா அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் ஒரு பெண் குழந்தை நெளிந்துகொண்டே இருந்ததாம். அக்கா சாக்கை எடுத்து மோந்து பார்த்தால் மிளகாய் வாசனை.

"நான் உதறுன சாக்குதான்டா அது. சரியா உதறல. கொழந்த காலெல்லாம் செவந்துகீது" என்று கடைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாக்கையும் மோந்து பார்த்தார். மண்டித் தெருவில் வருகிற சாக்கில் பாதி மிளகாய் மூட்டை. அக்கா தும்ம ஆரம்பித்தால் எதிர்க் கடைத் தராசு ஆடும். மோந்தது போதாதென்று, உதறிய சாக்கை விரித்து, அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் தள்ளுவார். முதலாளி வந்து பார்த்தபோது அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, வேல செய்யாம குந்தினுகீற?"

"இதான் மொதலாளி வேல. அரிக்குதானு பாக்கறேன்."

அடுத்தது துரைசாமி. அவன் அடி அண்ணாமலைக்குப் போனான். அங்கே ஒரு வீட்டுப் பின்பக்கம் நாலு குச்சி நட்டு, சாக்கைக் கட்டி, பெண்கள் குளிக்கிற மறைப்பாக வைத்திருந்ததைப் பார்த்துவிட்டான். வந்தவன் ஆள் மாறிவிட்டான். அதுவரை உள்ளங்கை அகலம் கிழிந்திருந்தால்தான் ஊசியை எடுப்பான். இப்போது கடுகு நுழைகிற ஓட்டைக்கும் மூன்று மடிப்பு ஒட்டு.

"மானம்ணே! பொம்பளைங்க மானம் நம்ம ஊசி மொனைல கீது!" என்பான் என்னிடம்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சாக்கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பான். வெளிச்சம் தெருப் பக்கம். தெருவில் தண்ணீர்க் குழாய். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி ஒரு குடம் தண்ணீரைச் சாக்கோடு சேர்த்து அவன் மேல் ஊற்றினாள். "சாக்கு ஓட்டைல எட்டிப் பாக்கறியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்ல?" என்று கேட்டாள். அவர்களுக்காகத்தான் பார்க்கிறேன் என்று துரைசாமி விளக்கிச் சொல்லப் போய், இரண்டாவது குடமும் வந்தது.

மண்ணாங்கட்டி ஒரு மழை நாளில் போய், வயலில் ஒரு பெரியவர் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு களை எடுப்பதைப் பார்த்தான். அன்றிலிருந்து வண்டியில் சாக்கு நனையக் கூடாது. மழை வந்தால் தார்ப்பாயைச் சாக்குக்குப் போட்டுவிட்டு, தன் துண்டையும் அதன் மேல் போர்த்திவிட்டு, இவன் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வண்டியை இழுப்பான்.

"மழைக்குப் போட்டுக்கற சாக்குடா அது! நனைஞ்சா இன்னா?" என்று முதலாளி கத்தினார்.

"அங்க போய் நனையட்டும் மொதலாளி. இங்கியே நனைஞ்சிட்டா அங்க இன்னா பண்ணும்?"

இத்தனை கூத்திலும் மூன்று பேரும் காலையில் எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்து நின்றார்கள். வேலை செய்துகொண்டே சிரித்தார்கள். போன இடத்தைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பள்ளிக்கூடம், அந்தக் குளியல் மறைப்பு, அந்தப் பெரியவர் என்று ஓயாத பேச்சு. நான் தள்ளி உட்கார்ந்து தயிர்சாதத்தை மென்றுகொண்டிருப்பேன். பேச எனக்கு ஊர் ஏது? என்னைத்தான் எங்கும் அனுப்பவில்லையே. யார் வெளியே போனாலும் அவர்கள் கட்டு என் பக்கத்துக்கு வந்துவிடும். "அண்ணே, இதையும் பாத்துக்கங்க." எனக்கும் அந்த ஆளுக்கும் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

பொறாமை கடையோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் வந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"உங்க மேஸ்திரி எல்லாரையும் எதுக்குனு கேக்கறாராமே. குப்பம்மாக்கா சொன்னாங்க. நீங்க எதுக்குத் தைக்கிறீங்களாம்?"

"உனக்குச் சோறு போடத்தான்."

"அவ்ளோதானா?" என்றாள். குழம்பு கொஞ்சம் கம்மியாக விழுந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் ஆகிறது, அக்கா சாக்கு மேல் உட்கார்ந்தே இருக்கிறார், துரைசாமி தேவையில்லாமல் மூன்று மடிப்புப் போடுகிறான். எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு அவர் எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் காது சூடானது.

"ஊசி தீந்துபோச்சு மொதலாளி" என்றேன்.

ஊசி கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி போனேன். சணல் கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை அவரே, "இன்னா, ஊசியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வருடம் ஜில்லாவிலேயே ஜாஸ்தி ஊசி வைத்திருந்த சாக்குக் கடை எங்களுடையதுதான்.

கடைசியில் நான் சொல்லாததை ஒரு குத்தூசி சொன்னது.

மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலேயே சரக்கைப் பார்க்க வியாபாரிகள் ஓர் இரும்பு ஊசி வைத்திருப்பார்கள். நடுவில் குழிவாக இருக்கும். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற மல்லாட்டைப் பருப்பு நாலு வந்து கையில் விழும். அன்றைக்கு ஒரு பெரிய வியாபாரி, விவசாயி ஒருவர் மண்டியிலிருந்து வாங்கிப்போன சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்த மூட்டையில் குத்தினார். ஊசி இறங்கவில்லை. அவர் குத்தியது துரைசாமியின் ஒட்டில். மறுபடி குத்தினார். ஊசி வளைந்தது. கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு முழு பலத்தோடு மூன்றாவது தடவை குத்தினார். ஊசி வழுக்கி, அவர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார்.

"கல்லு! உள்ள கல்லு வெச்சிகீறான்!"

"யாரப் பாத்து கல்லுனு சொல்ற?" என்று விவசாயி துண்டை உதறினார்.

கூட்டம் கூடிவிட்டது. மூட்டையைத் தரையில் கொட்டினார்கள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. முத்து முத்தாகப் பருப்பு. வியாபாரி முகம் கறுத்துவிட்டது. விவசாயியோ வெறும் சாக்கை எடுத்து அந்த ஒட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது எந்தக் கடைச் சாக்குபா? ஆயுசுக்கும் ஒழைக்கும் போல கீதே! எனக்கு இதே மாதிரி பத்து வோணும்."

ஆனால் எங்கள் கடையில் வாங்குகிறவர்கள் வியாபாரிகள்தான். மறுநாள் காலை, குத்தூசி இறங்காத சாக்கு வேண்டாம் என்று நாலு மண்டிக்காரர்கள் எங்கள் சாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடை வாசலில் கோணி மலை மாதிரி குவிந்தது. முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"எவன் மூணு மடிப்பு தெச்சது?"

துரைசாமி வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார்.

"நான்தான் மொதலாளி தைக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

எங்கள் எல்லோரையும் கேட்டவரை அன்றைக்கு ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டார். மேஸ்திரி குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். குளியல் மறைப்பையும் பெரியவரையும் குழந்தையையும் முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "வாரா வாரம் ஊசிக்கு மட்டும் வந்து நிக்கத் தெரியுது! போ, நாளையிலேர்ந்து நீதான் மேஸ்திரி."

நான் ஏழு வருடம் காத்திருந்த வார்த்தை. ஆனால் மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மிளகாய்ச் சாக்கே தேவலை.

சாயங்காலம் மேஸ்திரி கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, உங்களுக்கு என் மேல கோவம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"உங்கள எங்கயும் அனுப்பல. ஒரு கேள்வியும் கேக்கல. அதான?"

நான் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

"உங்கள அனுப்பினா கடை நின்னுடும்ணே. துரைசாமி போன அன்னிக்கு அவன் கட்டையும் நீங்கதான் தெச்சீங்க. அக்கா போன அன்னிக்குப் பிரிச்சதும் நீங்கதான். அவங்க மூணு பேரு ஊரப் பாத்துட்டு வந்தது உங்க முதுகு மேல ஏறி நின்னுதான். உங்களப் போய் எதுக்குத் தைக்கிறீங்கனு நான் எப்டிக் கேப்பேன்?"

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் வந்திருக்கும்.

"அத்த ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லலாம்னு தெனமும் கிட்ட வருவேன். உங்க மூஞ்சப் பாத்தா பயம்மா இருக்கும்ணே. அப்டியே சாக்க வெச்சிட்டுப் போயிடுவேன்."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் மேஸ்திரியான முதல் காலையில் மூன்று பேரும் வேலையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தைங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றார் குப்பம்மா அக்கா. துரைசாமி சிரித்துச் சிரித்துப் புரை ஏறினான்.

நானும் கேட்டுப் பார்க்காமல் இல்லை. வீட்டில் பழகிக்கொண்டு போய், ஒரு நாள் துரைசாமியிடம், "இத்த எதுக்குத் தைக்கிற?" என்றேன். அவர் வாயில் பழம் மாதிரி இருந்த கேள்வி, என் வாயிலிருந்து போலீஸ் விசாரணை மாதிரி வந்தது. துரைசாமி எழுந்து நின்றுவிட்டான். "நான் இன்னாண்ணே தப்பு பண்ணேன்?"

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்தக் குத்தூசிக் கதை கிராமம் கிராமமாகப் போய், விவசாயிகள் நேராக எங்கள் கடைக்கே வர ஆரம்பித்தார்கள். "ஊசி எறங்காத சாக்கு குடுங்க. அந்த எதுக்கு மேஸ்திரி சாக்கு." முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வியாபாரிகளுக்கு ஒற்றை ஒட்டு, விவசாயிகளுக்கு மூன்று மடிப்பு என்று தனித்தனியாகத் தைக்கச் சொன்னார். தைத்ததெல்லாம் துரைசாமியும் நானும். பெயர் மட்டும் கடையை விட்டு, கீழ்பென்னாத்தூரில் ஏதோ மில்லுக்குப் போய்விட்ட ஆளுக்கு.

ஓர் அமாவாசை அன்று கடைக்கு லீவு. யாரிடமும் சொல்லாமல் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். என்னை யாரும் அனுப்பவில்லை என்றால் நானே போய்ப் பார்க்கக் கூடாதா? சாக்கைத் தேடித்தான் போனேன் என்று மனைவியிடம் பிறகு சத்தியம் செய்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு நெல் மில். களத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வேப்பமரத்தடியில் நாலைந்து ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த விரிக்காத குடை. யாரோ ஒருவன் வெளியூர் போய்விட்டு வந்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான். "அந்தப் புள்ளத்தாச்சிப் பொம்பள நம்ம அரிசியில கல்லு பொறுக்கினு குந்திகீது மேஸ்திரி..." அவர் கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரோட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் காது சூடாகிவிட்டது. டீக்கடைத் தட்டி மறைவிலேயே நின்றுவிட்டேன்.

அப்போதுதான் களத்தின் அந்தப் பக்கம் ஓர் ஆளைப் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் தன்னந்தனியாக, நாலு பேர் நெல்லையும் சேர்த்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். மரத்தடியில் சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு மறுபடி நெல்லைத் துழாவுவான். மேஸ்திரி எழுந்து அவன் பக்கம் போனார். கிட்டே போய் நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

நெல் துழாவுகிற அந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. பாவம், வயிறு எரிந்துகொண்டிருப்பான். ரோட்டுக்கு இந்தப் பக்கம், தட்டிக்குப் பின்னால், அவனைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?